எட்டுக் கட்டில்களிலும் 120/80

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, மருத்துவபீட மாணவர்களின் அறிவோடு, நோயாளி முன்னிலையில் அவர்கள் நடந்துகொள்ளும் விதத்தையும் மதிப்பிட்டே பட்டம் வழங்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு ஒரு கட்டுக் கடிதங்கள் வந்துவிட்டன. நீரிழிவு, மூட்டுவலிக் கேள்விகளை அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொண்டு இம்முறை இதற்கே பதில் சொல்கிறேன். முப்பது வருடங்களுக்கு மேல் இலங்கையின் வடக்கில், வைத்தியசாலை விடுதிகளில் (வார்டுகளில்) மாணவர்களோடு நின்றவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

*

கேள்வி: உடற்கூற்றியலில் ஒரு நரம்பின் பெயரைக் கேட்டால் விடை சரி, இல்லாவிட்டால் பிழை. நடத்தைக்கு எப்படிப் புள்ளி போடுவது? ஆசிரியருக்குப் பிடித்தவன் நல்லவன், பிடிக்காதவன் கெட்டவன் என்று ஆகிவிடாதா?
– மூன்றாம் வருட மாணவர், கொக்குவில்

தம்பி, உங்கள் பயம் நியாயமானது. நான் படித்த காலத்தில் அப்படித்தான் இருந்தது. பயிற்சிக் காலம் முடியும்போது ஒரு தாள் வரும். அதில் 'நடத்தை' என்று ஒரு வரி. அதற்கு நேரே 'நன்று' அல்லது 'திருப்தி' என்று எழுதியிருப்பார்கள். யார், எதைப் பார்த்து, எந்த நாளில் அப்படி எழுதினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. முன்வரிசையில் நின்று வணக்கம் சொன்னவர்களுக்கு நன்று கிடைத்தது. கூச்சத்தில் பின்னால் நின்றவர்களுக்குத் திருப்தி கிடைத்தது. நான் பின்னால் நின்றவள்.

ஒருவருடைய குணத்தை அளக்கும் கருவி எவரிடமும் இல்லை. ஆனால் அவர் செய்த செயலைக் கண்ணால் பார்க்கலாம், பார்த்ததை எழுதலாம். கனடாவின் மொன்றியல் நகரிலுள்ள மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் குரூஸ், சில்வியா குரூஸ் தம்பதியரும் அவர்களுடைய சகாக்களும் 2006இல் வெளியிட்ட மதிப்பீட்டுத் தாள் அந்த வழியில் அமைந்தது. அதில் 24 செயல்கள் இருக்கின்றன. நோயாளி சொன்னதைக் கவனித்துக் கேட்டாரா, தன் அறிவின் எல்லையை உணர்ந்திருந்தாரா, பிழை விட்டபோது ஒப்புக்கொண்டாரா, நேரத்துக்கு வந்தாரா, மற்றவர்களைப் பற்றி இழிவாகப் பேசாமல் இருந்தாரா என்று கேட்டுக்கொண்டு போகிறது. ஒவ்வொன்றுக்கும் நான்கு படிகள். 'ஏற்க முடியாதது' என்பது அடிப்படி, 'எதிர்பார்த்ததற்கும் மேல்' என்பது உச்சிப்படி. ஆசிரியர் தான் காணாத செயலைக் காணவில்லை என்றே குறித்துவிட வேண்டும். ஊகித்து எழுத இடமில்லை.

ஒரே ஆசிரியர் ஒரே நாளில் நிரப்பிய ஒரு தாளை வைத்து உங்களை எடைபோட முடியாது என்பதையும் அவர்கள் கணித்துக் காட்டினார்கள். நம்பத்தக்க முடிவுக்கு வர வேண்டுமானால் பத்துப் பன்னிரண்டு தாள்களாவது வேண்டும்.

நம்முடைய விடுதியில் இதை நான் எப்படிப் பார்ப்பேன் என்று சொல்கிறேன். வயிற்றைத் தொடுவதற்கு முன் திரையை இழுத்தீர்களா? மார்கழி மாதத்துக் காலையில் உங்கள் கை குளிர்ந்திருக்கும். அதை உரசிச் சூடாக்கினீர்களா? பார்த்து முடிந்ததும் போர்வையை மீண்டும் இழுத்துவிட்டீர்களா, அல்லது அந்த ஆச்சி தானே தேடி இழுக்கட்டும் என்று அடுத்த கட்டிலுக்குப் போனீர்களா? எனக்கு அறிமுகப்படுத்தும்போது "14ஆம் கட்டில்" என்றீர்களா, அவருடைய பெயரைச் சொன்னீர்களா? இவற்றில் எதற்கும் நீங்கள் எனக்குப் பிடித்தவராக இருக்கத் தேவையில்லை. பக்கச்சார்பு முற்றாக ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அதனால்தான் பல கண்கள் பார்க்க வேண்டும், பார்த்தது அன்றைக்கே எழுதப்பட வேண்டும், எழுதியது உங்களுக்குக் காட்டப்பட வேண்டும் என்கிறேன். காட்டாமல் கோப்புக்குள் போகும் குறிப்பு எதுவானாலும் அதை எதிர்த்துக் கேளுங்கள்.

*

கேள்வி: இருபத்தேழு வருடங்களாகத் தாதியாக இருக்கிறேன். எந்த மாணவர் எப்படிப்பட்டவர் என்று ஒரு கிழமையில் எங்களுக்குத் தெரிந்துவிடும். ஒருநாளும் ஒருவரும் எங்களைக் கேட்டதில்லை.
– ஒரு தாதிய உத்தியோகத்தர், சாவகச்சேரி

கேட்காதது எங்கள் பிழை. வைத்திய நிபுணர் விடுதியில் நிற்பது காலையில் இரண்டு மணித்தியாலம். அந்த இரண்டு மணித்தியாலமும் எல்லா மாணவர்களும் நல்லவர்கள். நீங்கள் இருபத்துநான்கு மணித்தியாலமும் பார்க்கிறீர்கள்.

எனக்கு இதைக் கற்றுத் தந்தவர் ஒரு சிற்றூழியர். என்னிடம் மிகுந்த மரியாதையோடு நடந்த ஒரு மாணவரை நான் ஒருநாள் புகழ்ந்து பேசிக்கொண்டிருந்தேன். தரை துடைத்துக்கொண்டிருந்த அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோதுதான் சொன்னார்: ஈரத் தரையில் நடக்க வேண்டாம், சற்றுப் பொறுங்கள் என்று கேட்டதற்கு அந்த மாணவர் வாளியைச் சப்பாத்துக் காலால் தள்ளிவிட்டுப் போனாராம். அந்த வாளி என் மதிப்பீட்டுத் தாளில் எங்கும் இல்லை.

இப்போது பல நாடுகளில் தாதியர், மருந்தாளர், சக மாணவர், நோயாளர் எல்லோரிடமும் கேட்டுத் தொகுக்கும் முறை இருக்கிறது. நம்மிடமும் அது வர வேண்டும். பெயர் வெளியே தெரியாமல், நான்கைந்து பேரின் கருத்தைச் சேர்த்து மாணவருக்குச் சொல்ல வேண்டும். ஒருவருடைய தனிப்பட்ட கோபம் அதில் கரைந்துவிடும்.

நோயாளரிடம் கேட்பதில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. "இந்த டொக்டர் பிள்ளை எப்படி?" என்று கேட்டால், நெஞ்சுவலியோடு கிடப்பவரும் "தங்கமான பிள்ளை" என்பார். படிக்கிற பிள்ளையின் வாழ்வில் மண் போட நம் மக்களுக்கு மனம் வராது. ஆகவே நான் அப்படிக் கேட்பதை நிறுத்திவிட்டேன். அவர் தன்னுடைய பெயரைச் சொன்னாரா? இரத்தம் எடுப்பதற்கு முன் எதற்கு என்று சொன்னாரா? நீங்கள் பேசும்போது இடையில் கைத்தொலைபேசியைப் பார்த்தாரா? இப்படிக் கேட்டால் நம் அம்மாக்கள் பொய் சொல்ல மாட்டார்கள்.

*

கேள்வி: என் மகள் உயர்தரத்தில் மூன்று ஏ எடுத்தவள். விடுதிப் பயிற்சிக்குப் பிந்தி வருகிறாள், கொடுத்த வேலையைத் தவணைக்குள் ஒப்படைக்கவில்லை என்று எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கிறது. இவ்வளவு படித்த பிள்ளைக்கு இந்தச் சின்ன விடயம் ஒரு குற்றமா?
– தகப்பன், சுன்னாகம்

ஐயா, உங்கள் வேதனை விளங்குகிறது. ஆனால் கடிதம் எழுதியவர்களோடு கோபிக்க வேண்டாம். அவர்கள் உங்கள் மகளுக்கு உதவிதான் செய்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் மக்சின் பப்பாடாக்கிஸ் என்ற மருத்துவப் பேராசிரியர் 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மூன்று மருத்துவக் கல்லூரிகளில் படித்து, பின்னர் மாநில மருத்துவச் சபைகளால் ஒழுக்காற்று நடவடிக்கைக்கு உள்ளான 235 மருத்துவர்களின் பழைய மாணவக் கோப்புகளை எடுத்து, அப்படி எதற்கும் உள்ளாகாத 469 மருத்துவர்களின் கோப்புகளோடு ஒப்பிட்டார். மாணவக் காலத்திலேயே நடத்தை பற்றிய குறை பதிவாகியிருந்தவர்கள் பின்னாளில் தண்டிக்கப்படுவதற்கான வாய்ப்பு மற்றவர்களைப் போல மூன்று மடங்காக இருந்தது. எந்த வகைக் குறை என்று பிரித்துப் பார்த்தபோது இரண்டு முன்னே வந்தன. ஒன்று, கடும் பொறுப்பின்மை. வர வேண்டிய நேரத்துக்கு வராமல் இருப்பது, நோயாளி தொடர்பாக ஒப்புக்கொண்ட வேலையை முடிக்காமல் விடுவது போன்றவை. இதில் மடங்கு எட்டுக்கும் மேல். மற்றது, பிழையைச் சுட்டிக்காட்டினால் ஏற்றுத் திருந்த முடியாத தன்மை. முதல் வருடங்களின் குறைந்த பரீட்சைப் புள்ளிகளுக்கும் தொடர்பு இருந்தது. நடத்தை அளவுக்கு இல்லை.

இதைப் படித்துவிட்டு மகளைக் குற்றவாளியாகப் பார்த்துவிடாதீர்கள். பப்பாடாக்கிஸே 2004இல் வெளியிட்ட முந்திய ஆய்வு ஒன்று இருக்கிறது. தண்டிக்கப்பட்டவர்களில் 38 சதவீதமானோரின் கோப்பில் குறை இருந்தது. தண்டிக்கப்படாமல் நன்றாகவே பணியாற்றியவர்களிலும் 19 சதவீதமானோரின் கோப்பில் குறை இருந்தது. ஆகவே ஒரு கடிதம் எவருடைய எதிர்காலத்தையும் எழுதிவிடாது. அந்தக் கடிதத்துக்குப் பிறகு மகள் என்ன செய்கிறாள் என்பதை மட்டும் பாருங்கள்.

இங்கிலாந்தின் டரம் பல்கலைக்கழகத்தில் நீங்கள் சின்ன விடயம் என்பதையே எண்ணிப் பார்த்தார்கள். வரவு, உரிய படிவத்தை உரிய நாளில் கொடுத்தல் போன்றவற்றுக்கு ஒவ்வொரு புள்ளி. 2009இல் வெளியான அந்த ஆய்வில், இப்படிக் கூட்டிய புள்ளியும் அந்த மாணவரின் தொழில்முறை நடத்தையைப் பற்றி ஆசிரியர்கள் தனியே சொன்ன கருத்தும் பெரிதும் ஒத்துப்போயின.

ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். திங்கட்கிழமைகளில் மட்டும் பிந்தி வரும் ஒரு மாணவர் என்னிடம் இருந்தார். நான் கொப்பியில் "பொறுப்பில்லாதவர்" என்று எழுதிவிட்டேன். அவர் நெடுந்தீவுப் பிள்ளை. சனி, ஞாயிறில் படுக்கையிலிருந்த தாயைப் பார்க்கப் போவார். திங்கள் காலை முதற்படகில் குறிகட்டுவானுக்கு வந்து, பஸ் பிடித்து யாழ்ப்பாணம் வர வேண்டும். கடல் கொந்தளித்தால் படகு பிந்தும். நான் எழுத வேண்டியிருந்தது "திங்கள் 40 நிமிடம் பிந்தினார்" என்பது மட்டும்தான். அதை எழுதி, ஏன் என்று கேட்டிருந்தால் முதற்கிழமையிலேயே விடை கிடைத்திருக்கும். நான் கேட்டது ஆறாவது கிழமையில்.

மகளிடம் ஏசாமல் கேளுங்கள். நித்திரை இருக்கிறதா, மனம் சரியாக இருக்கிறதா, பகிடிவதை ஏதும் நடக்கிறதா என்று கேளுங்கள். பகிடிவதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். அது காரணமாக இருந்தால் மறைக்க வேண்டியதில்லை.

*

கேள்வி: மாணவர்களைத் தங்கள் அனுபவத்தைத் திரும்பிப் பார்த்துக் குறிப்பு எழுதச் சொல்கிறோம். எல்லோரும் ஒரே கதையையே எழுதித் தருகிறார்கள். என்ன செய்யலாம்?
– விரிவுரையாளர், வவுனியா

புள்ளி போடுவதை நிறுத்துங்கள். புள்ளிக்காக எழுதப்படும் மனவருத்தம் எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும். பத்து நிமிடம் கதிரையை இழுத்துப் போட்டு அருகில் இருந்து, "இந்தக் கிழமை உங்களுக்கு வெட்கமாக இருந்தது எப்போது?" என்று கேளுங்கள். முதலில் உங்களுடையதைச் சொல்லுங்கள்.

*

கேள்வி: எங்களுக்குக் கற்பிக்கும் ஒருவர் நோயாளிகளை எல்லோர் முன்னிலையிலும் ஏசுகிறார். அவரே எங்கள் நடத்தைத் தாளை நிரப்புகிறார். இது எந்த வகை நியாயம்?
– பெயர் வேண்டாம் என்ற மாணவி, யாழ்ப்பாணம்

நியாயமே இல்லை, பிள்ளை.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஃப்ரெடெரிக் ஹாஃபர்ட்டி இன்னொருவருடன் சேர்ந்து 1994இல் எழுதிய கட்டுரையில் மறைந்த பாடத்திட்டம் என்பதைப் பற்றிப் பேசினார். விரிவுரை மண்டபத்தில் ஒழுக்கவியல் பாடம் நடக்கும். விடுதியிலும் நடைபாதையிலும் தேநீர் குடிக்கும் இடத்திலும் வேறொரு பாடம் நடக்கும். மாணவர் மனத்தில் தங்குவது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

அந்த இரண்டாவது பாடத்தை நானும் கற்பித்திருக்கிறேன். புண் அழுகிய காலோடு ஒரு தோட்டக்காரரைக் கொண்டுவந்திருந்தார்கள். மூன்று கிழமைப் புண். அவருடைய மனைவியைப் பார்த்து, "கால் அழுகும் வரை என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்று உரத்துக் கேட்டேன். ஒருமையில் கேட்டேன். என்னைவிட மூத்தவர் அவர். வெங்காய அறுவடை என்று மெல்லச் சொன்னார். கூலிக்கு ஆள் பிடிக்கக் காசு இல்லை என்றார். நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. சுற்றி ஏழு மாணவர்கள் நின்றார்கள். நான்கு நாள் கழித்து, திரைக்கு அப்பால் ஒரு மாணவர் வேறொரு பெண்ணிடம் பேசுவது கேட்டது. அதே ஒருமை, அதே ஏற்ற இறக்கம், என் குரல்.

அன்று மாலை அந்த ஏழு பேரையும் கூட்டிக்கொண்டு தோட்டக்காரரின் கட்டிலுக்குப் போய் அவருடைய மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா பதறிப்போய் எழுந்து நின்றுவிட்டார். அவர் எழுந்து நின்றதுதான் எனக்கு ஏச்சைவிட அதிகமாகச் சுட்டது.

நீங்கள் தனியாகப் போய் அவரோடு மோத வேண்டாம். நாளையும் இடத்தையும் சொன்ன சொல்லையும் அன்றன்றே எழுதி வையுங்கள். நீங்கள் நம்பும் இன்னொரு மூத்த ஆசிரியரிடமோ பீடாதிபதியிடமோ இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து கொண்டுபோங்கள். மாணவரை மதிப்பிடும் அதே 24 வரிகளால் ஆசிரியரையும் ஆண்டுதோறும் மாணவர்கள் மதிப்பிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது இல்லாத இடத்தில் மாணவர் மதிப்பீட்டுக்கு மரியாதை கிடைக்காது.

*

கேள்வி: இந்தப் படிவங்கள் எல்லாம் மேல்நாட்டு வழக்கம். நம் மண்ணுக்கு ஒத்துவருமா?
– ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், மானிப்பாய்

படிவம் மேல்நாட்டுக்குரியது. அது கேட்கும் கேள்வி உங்கள் ஊரிலேயே கேட்கப்பட்டது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, மாணவர்களுக்கு மருத்துவம் கற்பித்து, பிறகு அதைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் உத்தியோகம் தேடி வெளியே போய்விடுவார்கள், தமிழில் படித்தவர்கள் தம் ஊர் மக்களோடு இருப்பார்கள் என்பதும் அவர் எண்ணம். படித்தவர் எங்கே போய் யாருக்குப் பணி செய்வார் என்ற அக்கறை அதில் இருக்கிறது.

1978இல் தொடங்கிய நம் யாழ்ப்பாண மருத்துவபீடத்தில் இன்று சிங்கள மாணவர்களும் படிக்கிறார்கள். அவர்களில் ஒருவர் சட்டைப்பையில் ஒரு சிறு கொப்பி வைத்திருந்தார். நோவு, எரிவு, குத்து, உளைவு என்று தமிழ்ச் சொற்களைச் சிங்கள எழுத்தில் எழுதி, எந்த நோவை எந்தச் சொல்லால் சொல்கிறார்கள் என்று நோயாளரிடமே கேட்டுத் திருத்திக்கொள்வார். நான் பார்த்த கொப்பிகளில் மிக உயர்ந்த புள்ளியை அதற்குத்தான் கொடுப்பேன். நம் பிள்ளைகளில் சிலர் நம் ஆச்சிமாரிடம் பாதி ஆங்கிலத்தில் பேசுவதையும் அதே விடுதியில்தான் கேட்டேன்.

*

கேள்வி: நடத்தைக்காக எந்த மாணவரையாவது நீங்கள் சித்தியடைய விடாமல் தடுத்ததுண்டா?
– முன்னாள் அதிபர், பருத்தித்துறை

தடுத்திருக்க வேண்டிய ஒருவரைத் தடுக்கவில்லை, ஐயா. பல வருடங்களாக இதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

இறுதி வருட மாணவர்கள் காலையில் குருதி அமுக்கம் அளந்து அட்டவணையில் எழுதுவார்கள். ஒருநாள் ஒரு வரிசையில் எட்டுக் கட்டில்களிலும் 120/80 என்று இருந்தது. எட்டுப் பேருக்கும் ஒரே அமுக்கம் இருக்க முடியாது. கருவியை எடுத்து மூன்றாம் கட்டிலில் அளந்தேன். மேல் எண் 170. எழுதிய மாணவர் மிகக் கெட்டிக்காரர். தகப்பன் இல்லை. தாய் இடியப்பம் அவித்து விற்றுப் படிப்பித்த பிள்ளை. ஒரு குறிப்பு எழுதினால் பட்டம் பிந்தும், அந்தத் தாய் என்ன ஆவார் என்று யோசித்தேன். எண்ணை நானே திருத்திவிட்டு ஒன்றும் பேசாமல் போனேன். பயிற்சி முடிவில் 'திருப்தி' என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

அவர் உள்ளகப் பயிற்சிக்கு வேறோர் ஊருக்குப் போனார். ஒரு நள்ளிரவில் தொலைபேசியில் அழைத்தார். குழந்தை பெற்ற ஒரு தாய்க்கு அளக்காமலே அமுக்கத்தை எழுதியிருக்கிறார். அமுக்கம் ஏறியிருந்தது தெரியாமல் போக, அந்தப் பெண்ணுக்கு வலிப்பு வந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாள் கிடந்து பிழைத்திருக்கிறார். அந்த மாணவர் அழுதுகொண்டே கேட்டார்: "மேடம், அன்றைக்கு அந்த எண்ணைத் திருத்தியது நீங்கள் என்று எனக்குத் தெரியும். ஏன் என்னை ஏசவில்லை?"

நான் இரக்கம் என்று நினைத்தது அவருக்கும் இரக்கமாக இருக்கவில்லை, அந்தத் தாய்க்கும் இருக்கவில்லை. கெட்டிக்காரப் பிள்ளை, ஏழைப் பிள்ளை, தெரிந்தவரின் பிள்ளை என்று நாம் ஆசிரியர்கள் எத்தனை குறிப்புகளை எழுதாமல் விட்டிருக்கிறோம் என்று அன்று இரவு முழுவதும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

சில வருடங்கள் கழித்து இன்னொரு மாணவர். இம்முறை ஆறு கட்டில்கள், ஆறிலும் 110/70. அன்று மதியமே அவரை நடைபாதைக்கு அழைத்தேன். "இவற்றில் எத்தனை பேருக்கு அளந்தீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். நெடுநேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "ஒருவருக்கும் இல்லை" என்றார். நாளையும் நேரத்தையும் நடந்ததையும் எழுதி அவருக்கு வாசித்துக் காட்டி, பீடத்துக்கு அனுப்பப்போவதையும் சொன்னேன். அவருடைய பயிற்சிக் காலம் ஒரு மாதம் நீட்டப்பட்டது.

அன்று அவர் சாப்பிடப் போகவில்லை. கருவியை எடுத்துக்கொண்டு ஆறு பேரிடமும் திரும்பிப் போனார். நான்காம் கட்டிலில் இருந்தவருக்கு 190/110. ஓடிவந்து சொன்னார்; உடனே மருந்து தொடங்கினோம். பின்னேரம் அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். பழைய எண்கள் தெரியும்படி ஒற்றைக் கோட்டால் வெட்டி, மேலே புதிய எண்களை எழுதி, ஆறு இடத்திலும் நேரத்தோடு தன் கையொப்பத்தை இட்டிருந்தார்.